துருக்கியின் கங்கல் நாய் ஓநாயையே கொன்றுவிடுமாமே, உண்மையா? வீட்டில் வளர்க்கலாமா?

கொல்லும் பலம் உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்து வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நாயின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது.

அங்காராவில் படித்தபோது ஒரு நண்பனின் ஊருக்குப் போயிருந்தேன். சிவாஸ் மாகாணத்தில் கங்கல் என்ற ஊர்ப்பக்கம். நாய்க்குப் பெயர் வந்ததே அந்த ஊரால்தான். ஆட்டு மந்தையை நெருங்கும்போது நண்பனின் மாமா, "வந்தால் ஓடாதே, அப்படியே நில்" என்றார். வந்தது. மணல் நிற உடம்பு, கரிபூசிய மாதிரி முகம், சுருண்ட வால். கடிக்கவில்லை, பாயவும் இல்லை. எங்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் வந்து நின்று குரைத்தது. நான் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. மாமா குரல் கொடுத்த பிறகுதான் ஒரு மேட்டில் போய்ப் படுத்தது. அப்போதும் கண் எங்கள் மேலேயே.

அதன் வேலையே அதுதான், நடுவில் நிற்பது. ஓநாய்க்குத் தேவை காயமில்லாமல் கிடைக்கும் இரை. காயம்பட்டால் அதற்கு வேட்டை போச்சு. அதனால் பெரும்பாலும் குரைப்பைக் கேட்டே விலகிவிடும். மீறி வந்தால்தான் சண்டை. ஓநாய் கழுத்தைத்தான் குறிவைக்கும் என்பதால் இரும்பு முள் வைத்த பட்டை கட்டிவிடுகிறார்கள்.

இதை யாரும் வித்தை மாதிரி சொல்லிக்கொடுப்பதில்லை. குட்டியிலிருந்தே ஆடுகளோடு கிடந்து, அந்த வாசனையிலேயே வளர்கிறது. பெரிய நாய்களைப் பார்த்து மற்றதைக் கற்றுக்கொள்கிறது. ஆடுதான் அதற்குச் சொந்தபந்தம். தீனி பெரும்பாலும் வாற்கோதுமை மாவுக் கரைசல், அதற்கு 'யால்' என்று பெயர்.

நமீபியாவில் சீட்டா பாதுகாப்பு நிதியம் 1994 முதல் இந்தத் துருக்கி வகைக் காவல்நாய்களை ஆட்டுப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்து வருகிறது. அங்கே சீட்டா என்னும் சிவிங்கிப்புலி ஆட்டைத் தூக்கும், பண்ணையாளர் அதைச் சுடுவார். நாய் வந்த பண்ணைகளில் ஆட்டு இழப்பு வெகுவாகக் குறைந்தது, சுடும் தேவையும் குறைந்தது. ஓர் ஆட்டுநாய் சிவிங்கிப்புலியின் உயிரையும் காப்பாற்றுகிறது! இதை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

சரி, வீட்டில் வளர்ப்பது? அடுக்குமாடியில் வேண்டவே வேண்டாம். ஆண் நாய் சாதாரணமாக 50 கிலோவைத் தாண்டும். சொன்னதைக் கேட்பதைவிடத் தானே முடிவெடுக்கும் குணம், ராத்திரி முழுக்க விழித்துக் குரைக்கும் பழக்கம். காவல் காக்க ஆடு இல்லையென்றால், உங்களுக்கும் வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நடுவில் வந்து அது நிற்கும்.