மான் வேட்டைக்கு மரத்தில் ஏற கிளைம்பிங் ஸ்டிக்குகளை எப்படிப் பயன்படுத்துவது? எவ்வளவு உயரம் சரியாக இருக்கும்?

அமெரிக்காவின் மிச்சிகனில் இந்த ஆண்டுதான் முதன்முதலாக வில்வேட்டைக்கு உரிமம் எடுத்திருப்பதாகவும், 20 அங்குல நீளமுள்ள நான்கு கிளைம்பிங் ஸ்டிக்குகளும் மரத்தோடு சேர்த்துக் கட்டும் சிறிய ட்ரீ ஸ்டாண்ட் ஒன்றும் கைவசம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 25 அடிக்கு மேல் ஏறினால்தான் மானின் கண்ணில் படாமல் இருக்க முடியும் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே மாநிலத்தின் தென்பகுதியில் ஒன்பது பருவங்களாக வெள்ளைவால் மான்களை வில்லால் வேட்டையாடி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: 15 முதல் 18 அடி போதும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அடியும் உங்கள் அம்புக்கும் கெடுதல், உங்கள் உடம்புக்கும் ஆபத்து.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். மிச்சிகனில் அது உரிமத்தோடும் பருவ வரம்போடும் நடக்கிறது; வில்வேட்டை அக்டோபர் 1 அன்று தொடங்கும், 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். கிளைம்பிங் ஸ்டிக் என்பது இரண்டு மூன்று படிகள் கொண்ட குட்டையான அலுமினியக் கோல். அதை வாரினால் மரத்தோடு இறுக்கி, அதன்மேல் நின்று அடுத்ததைக் கட்டி, இப்படியே மேலே போய் ட்ரீ ஸ்டாண்ட் எனும் சிறு பரணை மாட்டிக்கொள்வார்கள். இங்கே பொது நிலங்களில் மரத்தில் திருகி ஏற்றும் இரும்புப் படிகளுக்குத் தடை இருப்பதால், மரத்தைத் துளைக்காத இந்தக் கோல்களே பலருக்கும் வழி.

இனி உயரத்துக்கு வருவோம். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. ஆனால் அசைவை அது உடனே கண்டுகொள்ளும், வாசனையை அதைவிட வேகமாகப் பிடிக்கும். 28 அடி உயரத்தில் மொட்டை மரத்தண்டில் வெறும் வானம் பின்னணியாக இருக்க உட்கார்ந்திருப்பவனை மான் கண்டுகொள்கிறது. 14 அடியில், முதுகுக்குப் பின்னால் இரண்டு தடித்த கிளைகளும் உதிராத ஓக் இலைகளும் இருக்க அமர்ந்திருப்பவனைக் கடந்து போகிறது. இதை நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். உயரம் வாசனையை மறைக்கும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. மாலையில் காற்று குளிர்ந்து கீழே இறங்கும்போது உங்கள் வாசனையும் சரிவில் வழிந்து, மான்கள் வரும் பள்ளத்துக்கே போய்ச் சேரும். ஆகவே காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை முதலில் பாருங்கள், மறைப்பை அடுத்துப் பாருங்கள், அடிக்கணக்கு கடைசியில் வரட்டும்.

உயரம் கூடக்கூட அம்பு செல்லும் கோணம் செங்குத்தாகிறது என்பதுதான் எனக்கு மிக முக்கியமான காரணம். பரண் 18 அடியில் இருந்து மான் 15 கஜத்தில் நின்றால், அம்பு ஏறத்தாழ 25 டிகிரி சரிவில் இறங்கும்; இரண்டு நுரையீரல்களையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேற அது நல்ல கோணம். பரண் 28 அடியில் இருந்து மான் 10 கஜத்துக்கு வந்துவிட்டால் சரிவு 45 டிகிரியாகிறது. அப்போது முதுகுப் பக்கமாக நுழையும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடக்கூடும். அப்படி அடிபட்ட மான் வெகுதூரம் ஓடும், மணிக்கணக்கில் வேதனைப்படும், பல நேரங்களில் கிடைக்கவே கிடைக்காது. ஓர் உயிரை எடுக்கப் போகிறவன் அதைச் சட்டென்று எடுக்கக் கடமைப்பட்டவன் என்று நான் நம்புகிறேன். என் பரணின் உயரத்தை அந்தக் கடமைதான் முடிவு செய்கிறது.

உங்கள் கோல்களுக்கான கணக்கு இது. 20 அங்குலக் கோலில் கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் இடையே சுமார் 17 அங்குலம் இருக்கும். முதல் படியைத் தரையிலிருந்து 20 அங்குலத்தில் வைத்து, ஒரு கோலுக்கும் அடுத்ததற்கும் இடையே 18 அங்குலம் விட்டால், நான்காவது கோலின் உச்சி ஏறத்தாழ 12 அடியில் முடியும். கோல்களுக்கு இடையே மூன்றடி விட்டு இதை நீட்டப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பனிக்காலத்துக் கனத்த உடையில் முழங்கால் அவ்வளவு தூரம் தூக்க வராது, இறங்கும்போது இருட்டில் கால் படியைத் தேடி அலையும். கூடுதல் படியாகக் கோலின் அடியில் தொங்கவிடும் வார் வளையத்தை நான்கு கோல்களிலும் மாட்டினால் 17 அடி வரை போகலாம் என்பது உண்மைதான். ஆனால் காலை வைத்ததும் அது கோலுக்கு அடியில் மரத்தை நோக்கி உள்வாங்கும், உடல் பின்னால் சாயும். ஐந்தாவது கோல் ஒன்று வாங்கிக்கொண்டு, வளையத்தை எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் கோலில் மட்டும் மாட்டினால் 16 அடி கிடைக்கும். நான் செய்வது அதுதான்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நம் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு 2002இல் தென்கிழக்கு மிச்சிகனில்தான் முதலில் கண்டறியப்பட்டது. அது கொன்ற ஆஷ் மரங்கள் இன்னும் காடெங்கும் நிற்கின்றன. நேராக, கிளையில்லாமல், ஏறுவதற்கென்றே வளர்ந்தது போல இருக்கும். உள்ளே உளுத்திருக்கும். இலையுதிர்ந்த நவம்பரில் உயிருள்ள மரத்துக்கும் செத்த மரத்துக்கும் வேறுபாடு எளிதில் தெரியாது என்பதால், செப்டம்பரிலேயே பசுமை இருக்கும்போது போய்ப் பார்த்து மரத்தை முடிவு செய்யுங்கள். ஷாக்பார்க் ஹிக்கரியின் பட்டை செதில் செதிலாக உரியும், அதில் கோல் நழுவும். செவ்வோக்கும் மேப்பிளும் நல்லவை.

ஏறும் முறையை நிதானமாகச் சொல்கிறேன். தரையில் நிற்கும்போதே முழு உடல் ஹார்னஸை (தோளையும் தொடைகளையும் சுற்றி மாட்டும் பாதுகாப்பு வார்க்கட்டு) அணிந்து, மின்கம்பத்தில் ஏறுபவர்கள் கட்டுவதுபோல் இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி ஒரு கயிற்றை மாட்டிக்கொள்ள வேண்டும். அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்க, கையால் நகர்த்தினால் நகர்ந்து எடை விழுந்தால் இறுகிக்கொள்ளும் ப்ரூசிக் முடிச்சு உதவும். முதல் கோலை மரத்தில் வைத்து, வாரைச் சுற்றிக் கொண்டுவந்து பக்கிளில் முடிந்த மட்டும் இழுங்கள். பிறகு மேல்படியைப் பிடித்து, கோலையே கீழ்நோக்கி ஓங்கி அழுத்துங்கள். அதன் பற்கள் பட்டையில் பதியும்போது மெல்ல ‘க்ரக்’ என்று ஒரு சத்தம் வரும், வார் விறைத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்காத கோலில் நான் எடையைப் போடுவதில்லை. ஒற்றைக்காலை ஊன்றி முழு எடையையும் கொடுத்துப் பார்த்த பின்னரே அடுத்த படி. மீதிக் கோல்கள் இடுப்பில் தொங்கட்டும். அலுமினியம் ஒன்றோடொன்று மோதினால் விடியற்காலைக் காட்டில் அந்த ஒலி வெகுதூரம் போகும் என்பதால் படிகளுக்குத் துணி நாடா சுற்றிவிடுங்கள். வில்லையும் பையையும் முதுகில் சுமக்காமல், மேலே போய்ச் சேர்ந்த பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கோலிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் இடம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கோலின் உச்சி பரணின் மட்டத்தைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். அப்போது நீங்கள் பரண்மீது தாவி ஏறாமல், அதன்மேல் இறங்கி நிற்பீர்கள். கால் மாற்றுவதற்கு முன்பே, தலைக்கு மேலே மரத்தில் கட்டிய பிணைப்புக் கயிற்றில் ஹார்னஸின் காரபைனரை, அதாவது பூட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கியை, மாட்டிவிடுங்கள். அதை மாட்டிய பிறகுதான் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கலாம். உட்கார்ந்த நிலையில் அந்தக் கயிற்றில் தொய்வே இருக்கக் கூடாது. விழ நேர்ந்தால் காலை ஊன்றிக்கொள்ள ஒரு வார் வளையத்தைச் சட்டைப்பையில் வைத்திருங்கள், ஏனென்றால் ஹார்னஸில் அசையாமல் தொங்குவதே சில நிமிடங்களில் இரத்த ஓட்டத்தைத் தடுத்து உயிருக்கு உலை வைத்துவிடும். ஒருமுறை விழுந்த அதிர்ச்சியைத் தாங்கிய ஹார்னஸை மறுபடியும் அணியாதீர்கள்.

என் மூன்றாவது பருவத்தில், நவம்பர் இரண்டாம் வாரத்தில், நான்கு மணி நேரம் பரணில் இருந்துவிட்டு இறங்கினேன். படிகளில் உறைபனி பூத்திருந்தது, கால்கள் மரத்துப்போயிருந்தன. சுமார் பத்தடி உயரத்தில் இடது கால் படியிலிருந்து வழுக்கிவிட்டது. இடுப்புக் கயிறு பட்டையைக் கவ்வி நின்றது. மார்பு மரத்தில் மோதி ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். அன்று இறங்கத் தொடங்கும்போது ‘பத்தடிதானே’ என்று அந்தக் கயிற்றை அவிழ்க்கக் கை போனதும், எனக்கு வேட்டை கற்றுத்தந்த பெரியவரின் குரல் நினைவுக்கு வந்து கையை எடுத்ததும் இன்றும் மனத்தில் இருக்கின்றன. அவர் இளமையில் அதைவிடக் குறைந்த உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்.

அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. வீட்டுப் பின்புறத்தில் ஒரு மேப்பிள் மரம் இருந்தால், முதல் இரண்டு கோல்களை மட்டும் வைத்து, கையுறையும் கனத்த பூட்ஸும் அணிந்து, பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். பிறகு அதையே இருட்டிய பின் பத்துத் தடவை செய்யுங்கள். கை தானாகவே வாரைத் தேடிப் பிடிக்கத் தொடங்கிய பிறகு, காட்டில் நீங்கள் தேர்ந்து வைத்திருக்கும் ஓக் மரத்துக்குப் போய், இந்த முதல் பருவத்துக்கு உங்கள் நான்கு கோல்கள் தரும் அந்த 12 அடியிலேயே, கவட்டைக் கிளை முதுகை மறைக்கும் பக்கமாக உட்காருங்கள்.