ஒரு பல்லுக்கு இவ்வளவு செலவழிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. கீழ்த்தாடையில் வலது பக்கம் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. பல் மருத்துவர் இம்பிளான்ட் வைக்கச் சொல்கிறார். பிரிட்ஜ் போடுவதைவிட ஒன்றரை மடங்கு செலவு. பிரிட்ஜே போதும் என்கிறார் மனைவி. "ஒரு பல்தானே, அப்படியே விடுங்கப்பா" என்கிறான் மகன். ஐந்து மாதச் செலவுக்கான அவசர நிதி இருக்கிறது. ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுக்கலாமா, மருத்துவமனை சொல்லும் வட்டியில்லாத் தவணையில் போகலாமா? 78 வயது அம்மாவுக்கு மேலும் கீழும் பல்செட். கீழ் செட் வாயில் நிற்பதே இல்லை. அவருக்கும் இம்பிளான்ட் வைக்க முடியும் என்கிறார் மருத்துவர். என்ன செய்யலாம்?

பதில்: ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடாதீர்கள். கடனும் வேண்டாம். இம்பிளான்ட் வைக்கலாம். ஆனால் இப்போதைக்கு ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், முதலில் அம்மாவுக்குச் செய்யுங்கள். காரணம் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பல். பிரிட்ஜ் போட வேண்டுமானால், இழந்த பல்லுக்கு இரு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்கி, மூன்றையும் சேர்த்து ஒரே கேப்பாக மாட்டுவார்கள். இம்பிளான்ட்டில் தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானியத் திருகைப் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பிறகு மேலே கேப் வைப்பார்கள். பக்கத்துப் பற்களில் கை வைப்பதில்லை.

இப்போது கணக்கு. பிரிட்ஜுக்கு 100 ஆகிறது என்றால் இம்பிளான்ட்டுக்கு 150. இன்னும் 30 ஆண்டுக்குத் திட்டமிடுவோம். பிரிட்ஜ் 10 முதல் 15 ஆண்டு உழைத்தால், இடையில் இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். மொத்தம் 300. இம்பிளான்ட்டிலும் மேலே உள்ள கேப் தேயும், உடையும். அதை இரண்டு முறை மாற்ற தலா 50 என்று வைத்தால் மொத்தம் 250. ஆனால் இதோடு நிறுத்தினால் அது அரைகுறைக் கணக்கு. பிரிட்ஜ் போட்டால் இன்று மிச்சமாகும் 50-ஐ முதலீடு செய்தால் அதுவும் வளருமே! அதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம்தான். "காலப்போக்கில் இம்பிளான்ட்தான் மலிவு" என்று விளம்பரத்தில் அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பிறகு ஏன் இம்பிளான்ட் என்கிறேன்? எந்தச் செலவிலும், திட்டம் தவறினால் எவ்வளவு இழப்போம் என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்ஜ் பழுதானால் பெரும்பாலும் அதைத் தாங்கும் பல்லில்தான் பிரச்சினை வரும். கேப்பின் விளிம்புக்கு அடியில் சொத்தை விழும், வேர் சிகிச்சை தேவைப்படும், சில சமயம் அந்தப் பல்லையே எடுக்க வேண்டிவரும். அப்போது ஒரு பல் இடைவெளி இரண்டு பல் இடைவெளியாகிவிடும். அடுத்த பிரிட்ஜ் இன்னும் நீளம், இன்னும் ஒரு நல்ல பல் பலி. இம்பிளான்ட் தவறினால் பணம் போகும், சில மாதங்கள் போகும், எலும்பும் கொஞ்சம் குறையலாம். ஆனால் பக்கத்துப் பற்கள் அப்படியே இருக்கும். பிரிட்ஜ் போடும் வழி கூட பெரும்பாலும் திறந்தே இருக்கும். நூறு இம்பிளான்ட்டில் சுமார் 95 பத்து ஆண்டைத் தாண்டி நிற்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கூடுதல் 50 இரண்டு நல்ல பற்களுக்கான பாதுகாப்பு என்றே நான் கொள்வேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த இரண்டு பக்கத்துப் பற்களும் ஏற்கெனவே பெரிதாக அடைக்கப்பட்டு, எப்படியும் கேப் தேவைப்படும் நிலையில் இருந்தால், மனைவி சொல்வதுதான் சரி. பிரிட்ஜ் போடுங்கள். இதை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

மகன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. வாயின் கடைசிப் பல் போனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள், பெரிய குறை ஒன்றும் வருவதில்லை. ஆனால் முதல் கடைவாய்ப்பல் மெல்லும் வேலையின் பெரும் பாரத்தைச் சுமப்பது. அந்த இடம் காலியாக இருந்தால் பக்கத்துப் பல் சாயலாம், மேலே உள்ள பல் கீழிறங்கலாம். எலும்பும் குறையும். பல் எடுத்த முதல் ஆண்டிலேயே அந்த இடத்து எலும்பின் அகலத்தில் பாதி வரை போய்விடலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. பதற வேண்டாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போட்டால் எலும்பு ஒட்டு வைக்கும் செலவும் சேரும்.

அம்மா விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. மேல் பல்செட்டுக்கு அண்ணம் பிடிமானம் தரும். கீழ் செட்டுக்கு அது கிடையாது. நாக்கு அசையும்போதெல்லாம் எழும்பும். முழுப் பல்செட்டில் கடிக்கும் விசை சொந்தப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்குதான். வாய்விட்டுப் பேசவே தயங்குவார்கள். "பல் போனால் சொல் போச்சு" என்பது அவர்களுக்குத் தினமும் நடப்பது. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே இம்பிளான்ட் வைத்து, பல்செட்டை அவற்றில் பொத்தான் போலப் பொருத்திக்கொள்ளலாம், இரவில் கழற்றிக் கழுவலாம். பல் இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். இரண்டு திருகுகளுக்கு ஆகும் பணத்தில் ஒருவருடைய முழு வாயும் மாறுகிறது. செலவழிக்கும் காசுக்கு இவ்வளவு பலன் தரும் பல் சிகிச்சை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஒற்றைப் பல் சில மாதம் பொறுக்கும்.

78 வயது என்பது மட்டும் தடையில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுக்கிறாரா என்பதுதான் கேள்வி. அந்த வகை மருந்துகள் சில தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கும். அவர் சாப்பிடும் மாத்திரைகள், போடும் ஊசிகள் எல்லாவற்றின் பட்டியலையும் கையோடு கொண்டு போங்கள். நீங்கள் புகைபிடிப்பவர் என்றால், நிறுத்திவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். புகை இம்பிளான்ட் தவறும் வாய்ப்பைக் கூட்டும்.

இனி பணம் கட்டும் வழி. திருகு பதித்த பிறகு எலும்பு பற்றிக்கொள்ள பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதன் பிறகுதான் கேப், அம்மாவுக்கு என்றால் பல்செட்டைப் பொருத்துவது. எனவே மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்டத் தேவையில்லை. திருகுக்கு ஒரு தொகை, கேப்புக்கு ஒரு தொகை என்று கட்டம் கட்டமாகத் தர ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். முதல் கட்டத்துக்கு அவசர நிதியிலிருந்து எடுக்கலாம், ஆனால் மூன்று மாதச் செலவுக்குக் கீழே அது இறங்கக் கூடாது. காத்திருக்கும் மாதங்களில் எடுத்ததை நிரப்பி, அடுத்த கட்டத்துக்கும் சேருங்கள். அம்மாவுடையது முடிந்ததும் உங்கள் பல்லைத் தொடங்கலாம்.

வட்டியில்லாத் தவணையைப் பற்றி ஒரே கேள்வி கேளுங்கள்: "மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?" அந்தத் தள்ளுபடிதான் நீங்கள் கட்டப்போகும் வட்டி. அப்புறம் இன்னொன்று. பல தவணைத் திட்டங்களில் கடன் தரும் நிறுவனம் முழுத் தொகையையும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். சிகிச்சை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். இம்பிளான்ட்டை விலக்கி வைக்கும் பாலிசிகள் நிறைய உண்டு. ஆண்டு உச்சவரம்போடு ஏற்கும் பாலிசி என்றால், திருகு ஒரு பாலிசி ஆண்டிலும் கேப் அடுத்த ஆண்டிலும் வருமாறு தேதி குறிக்கலாம். ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மதிப்பீடும் எழுத்தில்தான் வேண்டும். ஸ்கேன், எலும்பு ஒட்டு, திருகு, அதன்மேல் வரும் இணைப்புத் துண்டு, கேப், பின்தொடர் வருகைகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கட்டும். "திருகு மட்டும்" என்ற விலையைப் பார்த்துவிட்டு உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது தொகை இரட்டிப்பாகியிருக்கும். எலும்பு பற்றாமல் போனால் மறுபடி வைக்கும் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே எழுத வையுங்கள். ஆண்டுதோறும் சுத்தம் செய்யும் செலவையும் குடும்ப பட்ஜெட்டில் சேருங்கள். இம்பிளான்ட்டில் சொத்தை விழாது, ஆனால் சுற்றியுள்ள ஈறு அழுகினால் எலும்பு கரைந்து திருகே ஆடிப்போகும். இந்தத் துறைக்கு வழிவகுத்த ஸ்வீடன் மருத்துவர் பிரோனெமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்த இம்பிளான்ட்கள், அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை உழைத்தன. பராமரிப்பு இல்லாமல் அப்படி எதிர்பார்க்க முடியாது.

சிகிச்சை அன்று, திருகின் டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம், மாடல், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். 15 ஆண்டு கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் கேப்பை மாற்ற வேண்டியிருந்தால், எந்தத் திருகு என்று தெரியாமல் அதற்குப் பொருந்தும் பாகத்தை வாங்க முடியாது. அம்மாவுடையது இரண்டு, உங்களுடையது ஒன்று என மூன்றையும் படம் எடுத்து, பாலிசிப் பத்திரங்கள் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.