பாதி கால்சியம் எங்கே போயிற்று? ஃப்ளோ இன்ஜெக்‌ஷன், சுடர் ஏஏஎஸ்: கேள்வி-பதில்

சுடர் ஏஏஎஸ் என்பது அணு உறிஞ்சல் முறை: நெபுலைசர் கரைசலைச் சாரலாக்கிச் சுடருக்கு அனுப்பும், அங்கே உலோக அணுக்கள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகின்றன என்று அளப்போம். ஃப்ளோ இன்ஜெக்ஷனில் லூப் என்ற சிறு குழாய்ச் சுருளில் நிரப்பிய மாதிரியை, கேரியர் என்ற ஓடும் திரவம் சுடருக்குத் தள்ளிக்கொண்டு போகும். சிக்னல் ஒரு பீக்காக ஏறி இறங்கும்.

பீக் மிகச் சின்னதாக வருகிறது. என்ன செய்யலாம்?

எந்த உலோகம், லூப் எத்தனை மைக்ரோலிட்டர், பம்ப் வேகம் என்ன, ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் ஊகித்துத்தான் சொல்ல முடியும். முதலில் கருவியின் சராசரி நேரத்தைப் பாருங்கள். சில நொடிகளில் வந்து போகிற பீக்கை 3 நொடி சராசரியில் வாசித்தால் நசுங்கித்தான் தெரியும். அரை நொடிக்குக் கீழே இறக்குங்கள். லூப்பிலிருந்து நெபுலைசருக்குப் போகும் குழாயையும் குறையுங்கள்.

உப்பு மிகுந்த மாதிரிகள் பர்னர் பிளவை அடைத்துவிடுகின்றன. இந்த முறை உதவுமா?

நன்றாகவே உதவும். 100 மைக்ரோலிட்டர் உப்புக் கரைசல் சில நொடிகளில் சுடரைக் கடந்துவிடும். பின்னால் வரும் கேரியர் கழுவிவிடும். பின்னணித் திருத்தத்தை மட்டும் அணைக்காதீர்கள். துத்தநாகத்தின் 213.9 நானோமீட்டரில் உப்பே பொய் அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல்) காட்டும்.

நேரடியாக உறிஞ்சவிட்டால் கால்சியம் சரியாக வருகிறது. லூப் வழியே விட்டால் பாதிதான். கருவிக் கோளாறா?

கோளாறு இல்லை. ஸ்டாண்டர்டை, அதாவது செறிவு தெரிந்த கரைசலை, எந்த வழியில் விட்டீர்கள்? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும்: நேரடியாக உறிஞ்சவிட்டிருப்பீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தத் தவறு நிற்கவில்லை.

நேரடியாக உறிஞ்சும்போது சிக்னல் மேலே போய் மட்டமாக நிற்கும். லூப்பிலிருந்து கிளம்பும் சிறு அளவு அப்படியல்ல. குழாயில் போகும்போதே கேரியரோடு கலந்து பரவுகிறது. சிதறல் கெழு (மாதிரியின் செறிவு உச்சியில் எத்தனை மடங்கு குறைகிறது என்ற எண்) 2 என்றால் உச்சியில் இருப்பது பாதிச் செறிவுதான். அந்த உச்சியை மட்டமான சிக்னலில் போட்ட ஸ்டாண்டர்டு கோட்டோடு ஒப்பிட்டால் பாதிதானே வரும்?

ஓர் ஆய்வகத்தில் இதே புகாருக்காக விளக்கை மாற்றினார்கள், பர்னரை ஏற்றி இறக்கினார்கள், ஒரு வாரம் போயிற்று. நான் போய் ஸ்டாண்டர்டுகளையும் லூப் வழியே விடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் கணக்கு நேரானது. ஸ்டாண்டர்டும் மாதிரியும் ஒரே லூப், ஒரே குழாய், ஒரே வேகத்தில் போக வேண்டும். அமில அளவும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பாஸ்பேட் உள்ள மாதிரியில் கால்சியம் பீக்கின் உச்சியில் பள்ளம் விழுகிறது. பாஸ்பேட்டின் இடையூறைத் தடுக்கும் லாந்தனம் கேரியரில் இருக்கிறது.

லூப் பெரிதாக இருக்கிறது. கேரியரில் உள்ள லாந்தனம் மாதிரியின் இரு ஓரங்களில்தான் கலக்கிறது. நடுப்பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே பாஸ்பேட் கால்சியத்தை அமுக்குகிறது, அதுதான் பள்ளம். லூப்பைச் சிறிதாக்குங்கள், அல்லது லாந்தனத்தை மாதிரியிலேயே சேர்த்துவிடுங்கள். ஸ்டாண்டர்டிலும் சேர்க்க மறக்காதீர்கள், அதே காரணம்தான்.

பம்ப் குழாயை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது?

மாதக் கணக்கு வேண்டாம். வாரம் ஒருமுறை, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி வருகிறது என்று அளவுச் சாடியில் பிடித்துப் பாருங்கள். தேய்ந்த குழாயில் அது இறங்கிக்கொண்டே வரும். நெபுலைசர் தானாக நிமிடத்துக்கு 5, 6 மில்லி இழுக்கும்போது பம்ப் அதைவிடக் குறைவாகத் தந்தால் குழாயில் காற்றுக் குமிழி தோன்றும், பீக் பல் பல்லாக வரும். வேலை முடிந்ததும் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள்.

பீக் உயரமா, பரப்பா?

உயரம். ஸ்டாண்டர்டுக்கும் அதுவே.