அந்தமான் பயணம்: முதலில் படகு, அப்புறம்தான் மற்றதெல்லாம்

அந்தமானில் ஆறு வருடம் குடியிருந்தவள் என்பதால், லீவு நெருங்கினாலே தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் "அக்கா, ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் பெயர்க் குழப்பம். ஹேவ்லாக் தீவுக்கு இப்போது ஸ்வராஜ் த்வீப், நீல் தீவுக்கு ஷாஹீத் த்வீப், ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் என்று 2018 டிசம்பரில் பெயர் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயர் சொல்வார். நானும் ஆட்டோக்காரர் கட்சிதான்.

கேள்வி: அக்கா, ஐந்து பகல் நான்கு இரவு. போர்ட் பிளேர், ராஸ், நார்த் பே, ஹேவ்லாக், நீல், பாராடாங், முடிந்தால் திக்லிபூர். சரியாக வருமா?

வராது. திக்லிபூர் சாலை வழியே 300 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, போக ஒரு நாள், வர ஒரு நாள். பாராடாங் போவதற்கு விடியுமுன் மூன்றரை நான்கு மணிக்கே கிளம்பி, ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் கான்வாய்க்காக (வண்டிகளைக் காவலோடு கூட்டமாகத்தான் விடுவார்கள்) வரிசையில் நின்று, திரும்பி வரும்போது அந்த நாள் முடிந்திருக்கும். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது, நடுவில் கடல் இருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உங்கள் ஐந்து நாளுக்கு நான் போடும் கணக்கு இதுதான்: முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி, மத்தியானம் செல்லுலார் சிறை, இருட்டியதும் அங்கேயே ஒலி ஒளிக் காட்சி. இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக், தனியார் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை வரை ஆகும். அங்கே இரண்டு இரவு. நான்காம் நாள் படகில் திரும்பி போர்ட் பிளேரில் தூங்குங்கள், ஐந்தாம் நாள் விமானம். ராஸ் தீவை எங்கே அரை நாள் கிடைக்கிறதோ அங்கே நுழைக்கலாம், படகில் கொஞ்ச நேரம்தான். ஆறாவது நாள் கிடைத்தால் நீல் தீவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவை ஏன் போர்ட் பிளேரில் வைக்கச் சொல்கிறேன் என்றால், காற்று அடித்தால் துறைமுகத்தில் படகை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி, கிளம்பாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் உருவான சமயம் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய்க் கூட்டி வந்தன. அது பெரிய விஷயம். சாதாரணமாக ஒரே ஒரு மாலைப் படகு ரத்தானாலும் மறுநாள் காலை விமானம் போய்விடும், பணம் திரும்பி வராது.

கேள்வி: எந்த மாதம் நல்லது? பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு.

ஜனவரியில் இருந்து ஏப்ரல் நடு வரை. கடல் அமைதியாக இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருவதற்கு முன்னாலேயே அந்தமானைத் தொட்டுவிடும், மே 20 வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் மே முதல் வாரத்துக்குள் முடித்துக்கொண்டால் தப்பித்தீர்கள், கடைசி வாரம் என்றால் அறையில் உட்கார்ந்து மழையை ரசிக்கும் மனசு வேண்டும். நம் ஊர் ஐப்பசி மழையும் அங்கே விடாது, எனவே தீபாவளி லீவும் சந்தேகம்தான்.

கேள்வி: சென்னையில் இருந்து கப்பலில் போனால் மிச்சம் ஆகுமா?

டிக்கெட்டில் மிச்சம் ஆகும், நாளில் போய்விடும். விமானத்தில் இரண்டு மணி சொச்சம், கப்பலில் கிட்டத்தட்ட 60 மணி நேரம். மாதத்துக்கு மூன்று நான்கு தடவைதான் கிளம்பும், தேதியும் மாறும். பங்க் வகுப்பு என்பது ஒரு பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கை, மூன்றாம் நாள் அந்தக் கூடம் என்ன வாசனை அடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை மட்டும், நாள் நிறைய இருந்து, கேபின் கிடைத்து, போகும்போது கப்பல் வரும்போது விமானம் என்று போட்டால் அது ஒரு நல்ல அனுபவம். இரவில் மேல்தளத்தில் நின்று பார்த்த நட்சத்திரங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேள்வி: நீச்சல் தெரியாது. ஸ்கூபா பண்ணலாமா? பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது.

பண்ணலாம். முதல் முறை போகிறவர்களுக்கு நீச்சல் கேட்பதில்லை. முதலில் ஆழமில்லாத தண்ணீரில் வாயால் மூச்சு விடப் பழக்குவார்கள், பிறகு பயிற்சியாளர் ஒருவர் உங்களைப் பிடித்தபடியே கூட்டிப் போவார், அதிகபட்சம் 12 மீட்டர்தான். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை இறக்க மாட்டார்கள். இறங்க இறங்கக் காது அடைக்கும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் திறந்துகொள்ளும், திறக்கவில்லை என்றால் வீம்பு பிடிக்காமல் கையைக் காட்டுங்கள். இன்னொன்று: தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் "சூப்பர்" என்று அர்த்தமில்லை, "மேலே போகணும்" என்று அர்த்தம். என் தங்கை மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டி, இரண்டாவது நிமிடமே மேலே வந்து சேர்ந்தாள்.

போவதற்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், காதில் ஆபரேஷன், கர்ப்பம் எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். "எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் பண்ணுங்க சார்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள். அப்புறம், டைவ் முடித்து விமானம் ஏறுவதற்குள் ஒரு டைவுக்கு 12 மணி நேரமாவது, ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், மேலே அழுத்தம் குறையும்போது குமிழியாகக் கிளம்பிப் பிரச்சினை செய்யும். கடைசி இரவு போர்ட் பிளேரில் இருந்தால் இந்தக் கணக்கும் தானாகச் சரியாகிவிடும்.

கேள்வி: முதலை இருக்கிறதாமே?

இருக்கிறது, உப்புநீர் முதலை. 2010-இல் ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்கு அருகே ஒரு அமெரிக்கப் பெண்ணைக் கொன்றிருக்கிறது. கழிமுகம், சதுப்பு மரங்கள் பக்கம் தண்ணீரில் இறங்காதீர்கள், உயிர்காப்பாளர் நிற்கிற இடத்தில் மட்டும் குளியுங்கள், விசில் அடித்தால் வெளியே வாருங்கள். எச்சரிக்கைப் பலகை முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு அதே தண்ணீரில் இறங்குகிறவர்களை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பாராடாங் வழியில் ஜாரவா பழங்குடியினரைப் பார்க்க முடியுமாம். எந்த நேர கான்வாயில் போனால் வாய்ப்பு அதிகம்?

இந்தக் கேள்விக்கு வேண்டுமென்றே பதில் சொல்லப் போவதில்லை. அது அவர்களுடைய காடு. நடுவில் நாம் சாலை போட்டு வைத்திருக்கிறோம். 1956-ஆம் வருடப் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டப்படி வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாம் குற்றம், ஜெயில் வரை போகும். சுண்ணாம்புக் குகையையும் சதுப்பு மரங்களுக்குள் போகும் படகையும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள், குகை நன்றாகவே இருக்கும். மனிதர்களைப் பார்க்கத்தான் என்றால் வேண்டாம்.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு 65 தாண்டிவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி.

பாராடாங்கைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள், குகைக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குக் கரடுமுரடாக நடக்க வேண்டும். நார்த் பேயில் படகில் ஏறி இறங்குவதே சிரமம். ராஸ் தீவில் பேட்டரி வண்டி ஓடுகிறது, ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களை ஆலமர வேர்கள் விழுங்கிக் கிடப்பதையும், நடுவில் மான்கள் பயமில்லாமல் திரிவதையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நீல் தீவில் பரத்பூர் கடற்கரையில் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது, கால் நனையாமல் பவளப்பாறை பார்த்துவிடலாம். அம்மாவுக்கு நீல்தான் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன், சுற்றிலும் வயலும் வாழையுமாக ஒரு கிராமம் மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். நம் கடிகாரம் கிழக்கு 82.5 பாகையை வைத்து ஓடுகிறது, அந்தமான் அதற்கு ஏறக்குறைய பத்து பாகை கிழக்கே இருக்கிறது, அதாவது சூரியன் 40 நிமிடம் முந்திக்கொள்ளும். டிசம்பரில் மாலை ஐந்து மணி தாண்டியதுமே அஸ்தமனம். பெரியவர்கள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து ஐந்தரைக்கு ராதாநகர் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம்.

கேள்வி: ஏஜென்ட் பேக்கேஜ் எடுக்கலாமா, நாமே போடலாமா?

இரண்டும் சரிதான், ஆனால் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்க வேண்டியது படகின் பெயர், கிளம்பும் நேரம், தீவுக்கு எத்தனை இரவு என்ற மூன்றும். என் அண்ணன் குடும்பம் ஒரு ஏஜென்டை நம்பிப் போனது. மெழுகுவர்த்தி விருந்து, கட்டிலில் பூ அலங்காரம், கேக் எல்லாம் பட்டியலில் இருந்தது, ஹேவ்லாக்கில் இருந்து திரும்பும் படகு மட்டும் "பார்த்துக்கலாம்" என்று இருந்தது. சீசனில் படகு டிக்கெட் முதலில் தீர்ந்துவிடும், அறை கடைசி வரை கிடைக்கும். எனவே விமானம், உடனே படகு, அப்புறம் அறை என்ற வரிசையில் போடுங்கள். இந்தியர்களுக்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை, பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும். நிகோபார் வேறு கதை, சுற்றுலாவுக்கு என்று போக முடியாது.

கேள்வி: தமிழ் செல்லுமா? போன், பணம்?

போர்ட் பிளேரில் தாராளமாகச் செல்லும். தலைமுறைகளாக நம் ஆட்கள் இருக்கிறார்கள், வெற்றிமலை முருகன் கோயிலுக்கு ஒரு மாலை போய்ப் பாருங்கள், மதுரையில் நிற்கிற மாதிரி இருக்கும். பொதுமொழி இந்திதான். 2020 ஆகஸ்டில் சென்னையில் இருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு இணையம் எவ்வளவோ மேல், இருந்தாலும் சின்னத் தீவுகளில் சிக்னல் இழுத்துக்கொண்டு கிடக்கும். யூபிஐயை மட்டும் நம்பாமல் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடற்கரையில் கிடக்கும் சிப்பி, பவளத்துண்டு எடுத்து வரலாமா? சும்மா கிடப்பதுதானே.

சும்மா கிடந்தாலும் கூடாது. செத்த பவளமும் வனவிலங்குச் சட்டத்தில் வரும், விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பையன் கடலில் நீந்தும் யானையைப் பார்க்கணும் என்கிறான்.

ராஜன் என்று பெயர், 2016-இல் இறந்துவிட்டது. ஹேவ்லாக்கில் இருக்கும் எலிஃபன்ட் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், மரம் இழுக்க யானைகளை வைத்திருந்த காலத்தின் பெயர் அது, கரையில் 2004 சுனாமியில் சாய்ந்த பெரிய மரங்கள் கிடக்கும். யானைக் கதையை அங்கே உட்கார்ந்து சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் கடல் ஒளிரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தண்ணீரைக் கலக்கினால் ஒளிரும் நுண்ணுயிர்கள், ஹேவ்லாக்கில் கயாக்கில் கூட்டிப் போகிறார்கள். ஆனால் நிலா இருந்தால் ஒன்றும் தெரியாது, அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும். நீல் தீவின் இயற்கைப் பாலமும் அப்படித்தான், நீர் வற்றும் நேரத்தில் போனால்தான் பாறைமேல் நடந்து அடியில் போய் நிற்கலாம். தேதி முடிவு செய்யும்போது விமான விலையோடு தினசரிக் காலண்டரையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

கேள்வி: எனக்குப் படகு என்றாலே வாந்தி.

தனியார் படகுகள் பெரும்பாலும் மூடிய ஏசி அறை மாதிரி, வெளியே நிற்க விடமாட்டார்கள், உங்களுக்கு அது ஆகாது. மேல்தளம் இருக்கும் அரசுப் படகில் போடுங்கள், நடுப்பகுதியில் நின்று தூரத்துக் கரையைப் பாருங்கள். மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைக் கிளம்பும் முன்பே போடுங்கள், குமட்டல் ஆரம்பித்தபிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து கடலுக்குத்தான் போகும்.