மச்சான் சொன்ன கால்குலேட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன், மனைவியோடும் மகளோடும் என்னைப் பார்க்க வந்தார். பாப்பா ஏற்காட்டில் விடுதியில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறாள், லீவுக்கு மலையிறங்கி வந்திருந்தாள். அவர் கையில் ஒரு கொட்டேஷன். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வின் கோச்சிங்குக்கு ஒன்றரை லட்சம், அதோடு வரைபடம் போட்டுக் காட்டும் டிஐ-84 கிராஃபிங் கால்குலேட்டர் ஒன்றும் வாங்க வேண்டுமாம். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் சொல்லிவிட்டார், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்றும் அவரே முடிவு செய்துவிட்டார். "அந்த மெஷின் இல்லாட்டி புள்ள பின்தங்கிடுமா சார்?" என்று அம்மா கேட்டபோது அவர் குரலே நடுங்கியது.

கவலைப்படாதீங்க என்று ஒரு தடவை சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல மனசு வரவில்லை, அந்தப் பணம் போகிற வழியைச் சொல்வதுதான் முக்கியமாகப் பட்டது.

எஸ்ஏடி இப்போது முழுக்கக் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. தேர்வு எழுதும் புளூபுக் செயலிக்குள்ளேயே டெஸ்மோஸ் கிராஃபிங் கால்குலேட்டர் இருக்கிறது, கணிதப் பகுதி முழுவதும் பயன்படுத்தலாம், காசு கிடையாது. சொந்த கால்குலேட்டர் கொண்டுபோக அனுமதி உண்டு, ஆனால் இத்தனை பெரிய திரை பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு? மாதிரித் தேர்வுகளும் அதே புளூபுக்கில் இலவசம். லேப்டாப்போ டேப்லெட்டோ போதும், போனில் மட்டும் ஓடாது.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து பாப்பாவை உட்கார வைத்தேன். y = x² − 6x + 5, y = 2x − 7 இரண்டும் எங்கே வெட்டுகின்றன என்று கேட்டேன். இரண்டு வரியில் அடித்தாள், வெட்டும் இடத்தைத் தொட்டாள், (2, −3), (6, 5) என்று வந்து நின்றது. கையால் போட்டால் ஒன்றரை நிமிடம். 70 நிமிடத்தில் 44 கேள்வி என்னும்போது அந்த நேரம் சும்மா இல்லை.

ஆனால் மெஷின் ஏமாற்றும் இடங்களும் உண்டு, அதைப் பழகாமல் போனால்தான் மார்க் போகும். y = −5x² + 200x + 40 என்று அடித்துவிட்டு உச்சியைத் தேடினால் திரையில் இருக்காது, அது x = 20, y = 2040-இல் எங்கேயோ மேலே இருக்கிறது, திரையின் அளவை மாற்றத் தெரிய வேண்டும். sin(30) அடித்தால் 0.5 வராமல் −0.988 வரும், ஏனென்றால் அது கோணத்தை டிகிரியில் எடுக்காமல் ரேடியன் என்ற வேறு அலகில் எடுக்கிறது, ஸ்பானர் படத்தைத் தொட்டு டிகிரிக்கு மாற்ற வேண்டும். பாப்பா, விடையை நாமே நிரப்பும் கேள்வியில் 5/3 வந்தால் 5/3 என்றே அடித்துவிடு, 1.67 என்று சுருக்கினால் தப்பு. ஒரு வளைவும் கோடும் ஒரே புள்ளியில் தொட k எவ்வளவு என்று கேட்டால் k-யின் மதிப்பை மாற்றும் ஸ்லைடரை இழுத்துக் கண்ணால் பார்த்து நம்பாதே, விடை பின்னமாக இருந்தால் மாட்டிக்கொள்வாய். அதற்கு இரண்டு சமன்பாட்டையும் சேர்த்து b² − 4ac = 0 என்று கையால் போடுவதுதான் சரி, டெஸ்மோஸை சரிபார்க்க வைத்துக்கொள். அப்புறம், x கண்டுபிடித்ததும் கேள்வியை மறுபடி படி, கேட்டது 2x + 1 ஆக இருக்கலாம்.

இதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாப்பா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பட்டறையில் ஒவ்வொரு தடவையும் உருக்கப் போன வெள்ளி எத்தனை கிராம், சேதாரம் எத்தனை கிராம் என்று லீவு நாட்களில் தானே எழுதி வைத்திருந்த கணக்கு. அதை டெஸ்மோஸில் அட்டவணையாக அடிக்கச் சொல்லி, கீழே y₁ ~ mx₁ + b என்று போடச் சொன்னேன், புள்ளிகளுக்கு நன்றாகப் பொருந்தும் நேர்கோட்டை அது கண்டுபிடித்துத் தரும். புள்ளிகளுக்கு நடுவே கோடு ஓடியது. மூன்று புள்ளிகள் மட்டும் கோட்டை விட்டு மேலே நின்றன. "அப்பா, அந்த மூணு நாளும் என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். அவர் நோட்டை வாங்கித் தேதியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அண்ணா, இந்தப் பிள்ளைக்குப் பிடித்தது புள்ளியியல். கோடிங் பற்றி நான் கேட்ட நாலு கேள்விக்கும் தலையாட்டியவள் இந்த நோட்டைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினாள். மச்சான் ஆசைக்காகக் கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளாதீர்கள். அமெரிக்காதான் என்றால் அவளே எஸ்ஏடி எழுதட்டும், ஆனால் உதவித்தொகை கையில் வராமல் பட்டறையை அடமானம் வைத்து அனுப்புவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூடவே கொல்கத்தாவில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வையும் எழுத வையுங்கள். அங்கே கல்விக் கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அந்தத் தேர்வில் கால்குலேட்டரே கிடையாது, அதனால் கையால் போடும் பழக்கத்தை விடக்கூடாது கண்ணு, வாரத்தில் நாலு நாள் கையால், இரண்டு நாள் டெஸ்மோஸ்.

கிளம்பும்போது வாசலில் நின்று அண்ணன் கேட்டார், "மச்சான்கிட்ட என்னங்க சொல்றது?" நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றேன். கொட்டேஷனை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நம்பரைச் சொன்னார்.