சிங்கம் இல்லாத சர்க்கஸ்

கேள்வி: சர்க்கஸில் இப்போது சிங்கம், புலி எதுவும் இல்லை. பிள்ளைகள் 'போர் அடிக்கிறது' என்கிறார்கள். தடையைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டவே வேண்டாம். சிறுவயதில் மதுரையில் அப்பாவோடு முன்வரிசையில் உட்கார்ந்து சர்க்கஸ் பார்த்தேன். நெருப்பு வளையத்துக்கு முன்னால் வந்த சிங்கம் இரண்டு முறை பின்வாங்கியது. சாட்டை 'சுளீர்' என்று தரையில் விழுந்ததும், கண்ணை இறுக மூடிக்கொண்டு தாவியது. அதன் முழங்காலில் ரோமம் உதிர்ந்து தோல் காய்த்துப் போயிருந்தது. கூடாரமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். அந்த மூடிய கண்களை இன்றுவரை மறக்க முடியவில்லை.

கரடி, குரங்கு, சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1998இல் அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2000இலும் உச்ச நீதிமன்றம் 2001இலும் தடை செல்லும் என்றன. மீட்கப்பட்ட சிங்கம், புலிகளுக்கு வண்டலூரிலும் மறுவாழ்வு மையம் அமைத்தார்கள்.

தொழிலாளர்களின் பிழைப்பு அடிபட்டது உண்மை. அவர்களுக்கு அரசு கைகொடுத்தே ஆக வேண்டும். அதற்காகச் சிங்கத்தை மறுபடி ஸ்டூலில் ஏற்ற முடியாது. சரி, அடுத்த முறை பிள்ளைகளோடு போனால் பார் விளையாட்டைப் பாருங்கள். அந்தரத்தில் ஒருவர் கையை விட, எதிரில் தொங்குபவர் அவர் மணிக்கட்டைப் பிடிக்கும் அந்த நொடியைக் கவனிக்கச் சொல்லுங்கள்.