பின்னால் வருகிறவனுக்குக் காற்று வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயம் பற்றி அரைப்பக்கம்தான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை ஒன்றின் கவுண்டரில் 31 வருடம் நின்றவன் நான். ஒரு சாமானை மாற்றினால் வண்டியின் குணமே மாறிப்போவதை நாள்தோறும் கண்டவன். அதனால் கார் வடிவமைப்பைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாஸ்காரில் ஓடுகிற ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கிற கார் என்றுதானே அர்த்தம்? டொயோட்டா கெம்ரி ஓடுவதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் எதிர்வீட்டில் நிற்கிற கெம்ரியும் அதுவும் ஒன்றா?
வாசகர், கொட்டாஞ்சேனை

ஒரு காலத்தில் ஒன்றுதான். 1949இல் இந்தப் போட்டி தொடங்கியபோது தெருவில் ஓடுகிற காரையே கொண்டுவந்து ஓட்டினார்கள். இன்றைக்குப் பெயரும் முகச்சாயலும் மட்டும்தான் மிச்சம். எதிர்வீட்டுக் கெம்ரியின் எஞ்சின் முன்சக்கரங்களைச் சுற்றுகிறது. பந்தயக் கெம்ரியில் ஏறத்தாழ 5.9 லீற்றர் வி-8 எஞ்சின் பின்சக்கரங்களைச் சுற்றுகிறது. ஃபோர்ட், செவ்ரோலே, டொயோட்டா மூன்றுக்கும் அடிச்சட்டம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. கியர்பெட்டி, பிரேக், சக்கரம் எல்லாம் அப்படியே.

கேள்வி: அண்ணா, நான் உயர்தரம் படிக்கிறேன். கனடாவில் இருக்கும் மாமா பழைய நாஸ்கார் ஓட்டங்களின் காட்சிகளை அனுப்புவார். அவற்றில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டே இருக்கிறார்கள். இப்போதைய காரில், சின்ன ஓடுதளங்களில், முன்னால் போனவரே கடைசிவரை முன்னால் போகிறார். “காரைக் கெடுத்துப்போட்டாங்கள்” என்கிறார் மாமா. காரின் வடிவம் போட்டியின் விறுவிறுப்பைக் கெடுக்குமா?
மாணவர், வெள்ளவத்தை

கெடுக்கும் தம்பி. மாமா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடலுக்கு நடந்து போய்ப் பாருங்கள். கடற்பக்கம் ஒருவர் பெரிய பட்டம் ஏற்றியிருப்பார். அதற்கு நேர் பின்னால் ஒரு பையன் சின்னப் பட்டம் ஏற்றினால், அது நடுங்கும், தலைகுத்தும், நூலுக்கு அடங்காது. முன்னால் உள்ள பட்டம் காற்றைக் கலக்கிவிட்டுத்தான் பின்னால் அனுப்புகிறது. கார் ஓட்டத்திலும் இதேதான். முன்னால் போகிறவனுக்குச் சுத்தமான காற்று. அது காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. பின்னால் வருகிறவனுக்குக் கலங்கிய காற்று. வளைவில் அவனுடைய முன் டயர்கள் பிடியை இழக்கும், கார் வெளிப்பக்கம் வழுக்கும், அக்சலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டி வரும். கிட்டப் போகப் போக முந்துவது கஷ்டமாகிறது.

2022இல் ‘நெக்ஸ்ட் ஜென்’ என்ற கார் வந்தபோது இந்தக் கலங்கிய காற்றுக்கு மருந்து தேடுவதும் ஒரு நோக்கம். காரின் அடிப்பாகத்தைத் தட்டையாக மூடி, பின்னால் காற்று விரிந்து வெளியேறும் வழி அமைத்தார்கள். காரை அழுத்தும் வேலையில் பெரும்பங்கை அடிப்பக்கக் காற்று செய்தால், மேலே கலங்கினாலும் பின்னால் வருகிறவன் தாக்குப்பிடிப்பான் என்பது கணக்கு. கன்சாஸ் போன்ற 2.4 கிலோமீற்றர் தளங்களில் அந்தக் கணக்குச் சரிவந்தது. அங்கே முன்பைவிட நல்ல பந்தயம் நடக்கிறது. இதை மாமாவிடம் சொல்லுங்கள்.

மார்ட்டின்ஸ்வில் போன்ற சின்னத் தளத்தில்தான் கணக்குப் பிழைத்தது. ஒரு சுற்று 850 மீற்றர்கூட இல்லை. நீண்ட நேர்ப்பாதை இரண்டு, நெருக்கமான வளைவு இரண்டு, அவ்வளவுதான். இங்கே முந்தும் வழி காலம்காலமாக ஒன்றே: வளைவுக்கு முன் எதிராளியைவிடப் பிந்திப் பிரேக் பிடிப்பது. புதிய காரில் சக்கரம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, டயர் அகன்றது, பிரேக் பெருத்தது. எல்லோருமே மிகப் பிந்திப் பிடிக்கலாம் என்றானபோது, அதற்கும் பிந்திப் பிடிக்க இடமே இல்லாமல் போயிற்று. அடுத்தது கியர். முன்பு நான்கு கியர், அங்கே பெரும்பாலும் மாற்றாமலே ஓடுவார்கள். வளைவில் ஒருவன் சிறிது வழுக்கினால் எஞ்சின் சுழற்சி விழும், அவன் கார் சோர்ந்துதான் வெளியே வரும், பின்னால் நிற்பவன் பாய்ந்துவிடுவான். இப்போது ஐந்து கியர், ஒரு தட்டுத் தட்டினால் கீழ்க்கியர் விழுகிறது. செய்த பிழை அந்தத் தட்டிலேயே அழிந்துபோகிறது. இத்தனைக்கும் மேலே எஞ்சின் வலு 670 குதிரைவலு என்று குறைக்கப்பட்டது. டயரின் பிடி கூடி, எஞ்சினின் வலு குறைந்தால், வளைவிலிருந்து வெளியே வரும்போது காலை அழுத்திவிட்டால் போதும். திறமைக்காரனும் அப்படித்தான் அழுத்துகிறான், சாதாரணமானவனும் அப்படித்தான் அழுத்துகிறான்.

1990களில் நண்பன் ஒருவனின் பழைய லான்சரோடு கட்டுகுருந்தைக்குப் போய்வருவேன். களுத்துறைக்கு அப்பால், யுத்தகாலத்து விமான ஓடுபாதைதான் அந்தத் தளம். தார் கொதிக்கும் வெயில். ஆறாவது ஏழாவது சுற்றில் பிரேக் மிதி மெதுவாகக் கீழே போகத் தொடங்கும். முதல் சுற்றுகளில் பிரேக்கைப் பொத்திப் பொத்திப் பிடித்தவன்தான் கடைசி மூன்று சுற்றில் ஆட்களைக் கடப்பான். நாங்கள் டயர் குவியலின் மேல் ஏறி நின்று பார்ப்பது அந்த மூன்று சுற்றுக்காகத்தான். தேயாத டயரும் களைக்காத பிரேக்கும் உள்ள காரில் அந்தக் கட்டமே வராது.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2024 மார்ச் 17, பிரிஸ்டல் ஓடுதளம். அதே நெக்ஸ்ட் ஜென் கார், அதே எஞ்சின். அன்றைக்கு டயர் மட்டும் யாரும் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்தது. நினைத்த வேகத்தில் ஓட்டியவர்களுக்கு சில பத்துச் சுற்றுகளிலேயே டயரின் கயிறு தெரியத் தொடங்கியது. மெதுவாகப் போகத் தெரிந்தவனே வேகமானவன் என்று ஆட்டம் தலைகீழானது. முன்னிலை 54 தடவை கைமாறியது. சின்ன ஓடுதளங்களில் அதுவே சாதனை. முடிவில் முதல்வனோடு அதே சுற்றில் நின்றவை 5 கார்கள்தான். வென்றவர் டெனி ஹாம்லின். விடிய விடிய விழித்திருந்து பார்த்தேன், ஒரு நிமிடமும் கண் சொக்கவில்லை.

அமைப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் சின்னத் தளங்களுக்குப் பின்பக்கத் தடுப்பின் (காற்று காரை அழுத்தும்படி பின்மூடியில் நிறுத்திய தகடு) உயரத்தை 4 அங்குலத்திலிருந்து 2 அங்குலமாக வெட்டினார்கள். பெரிய பலன் இல்லை. 2026 பருவத்துக்கு 2.4 கிலோமீற்றருக்குக் குறைந்த தளங்களில் எஞ்சின் வலுவை 750க்கு உயர்த்த முடிவு செய்தார்கள். முந்திய காருக்குச் சின்னத் தளங்களில் இருந்த வலுவும் அதுதான். என் எண்ணத்தில் சரியான மருந்து இதுதான். டயர் தாங்குவதற்கு மேலான வலு காலடியில் இருந்தால்தான், யார் எப்போது அழுத்துகிறான் என்பது வெளியே தெரியும். இன்னும் கூட்டினாலும் எனக்குச் சம்மதம்.

கேள்வி: 2024இல் கன்சாஸில் 0.001 செக்கனில் வெற்றி தோல்வி தீர்மானமானதே! வரலாற்றிலேயே மிக நெருக்கமான முடிவு இந்தப் புதிய காரில்தானே வந்தது? பிறகு எப்படிச் சுவாரஸ்யம் குறைந்தது என்கிறார்கள்?
வாசகர், வத்தளை

நீங்கள் சொல்வது 2024 மே 5 ஓட்டம். மழையால் மணிக்கணக்கில் பிந்தித் தொடங்கியது. எங்களுக்குத் திங்கட்கிழமை நன்றாக விடிந்துவிட்டது, வீட்டில் பாணும் சம்பலும் வைத்த பிறகுதான் கடைசிச் சுற்று வந்தது. கைல் லார்சனும் கிறிஸ் பியூஷரும் கதவோடு கதவு உரசிக்கொண்டு கோட்டைத் தொட்டார்கள். கண்ணால் பார்த்து யார் வென்றார் என்று சொல்ல முடியவில்லை. லார்சன் 0.001 செக்கனில் வென்றார். அதற்கு முந்திய சாதனை 0.002. 2003இல் டார்லிங்டனில் ரிக்கி கிரேவன், கேர்ட் புஷ்ஷை வென்றது அப்படித்தான்.

கன்சாஸ் ஓட்டம் நல்ல ஓட்டம் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. மேல்தடம், நடுத்தடம், கீழ்த்தடம் என்று ஆளுக்கொரு பாதை தேட அங்கே இடம் இருந்தது, அடிப்பக்கக் காற்று வேலை செய்தது. ஆனால் நெருக்கமான முடிவையும் நல்ல ஓட்டத்தையும் ஒன்றாக எண்ணாதீர்கள். டேட்டோனா, டல்லடேகா போன்ற பெருந்தளங்களில் எஞ்சின் வலு 510. கார்கள் மூன்று வரிசையாக மதில் மாதிரிச் சேர்ந்து ஓடுகின்றன. வரிசையை விட்டு விலகி ஒருவன் தனியே முந்தப் பார்த்தால் காற்று அவனைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அதனால் எரிபொருளை மிச்சம் பிடிக்க முழுக் கூட்டமும் அரைக்காலில் ஓட்டுகிறது. பெற்றோல் நிரப்ப நிற்கும் நேரத்தைக் குறைத்து அங்கே இடம் பிடிப்பதுதான் நோக்கம். இப்படி மணிக்கணக்காக ஓடி, கடைசி இரண்டு நிமிடம் தீப்பறக்கும். அந்த இரண்டு நிமிடத்தை நானும் எழுந்து நின்றுதான் பார்க்கிறேன். ஆனால் அதற்கு முந்திய மூன்று மணித்தியாலமும் பந்தயமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 14 வயது. கார்கள் மோதுவதைப் பார்த்துத் துள்ளுகிறான். ஓட்டுநர் காரோடு போராட வேண்டும் என்று சென்ற இதழில் எழுதினீர்கள். விறுவிறுப்புக்காக ஒரு தாயின் பிள்ளையை ஆபத்தில் விடலாமா?
ஒரு தாய், தெஹிவளை

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். விடக்கூடாது. ஒருபோதும் விடக்கூடாது.

2001 பெப்ரவரி 18, டேட்டோனா 500 ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் டேல் ஏர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர் அவருடையது. அதன் பிறகுதான் தலைக்கவசத்தைத் தோளோடு பிடித்துவைக்கும் கழுத்துக் கருவி எல்லோருக்கும் கட்டாயமானது, சுவர்களுக்கு முன்னால் அதிர்ச்சியை வாங்கும் தடுப்புகள் வந்தன. 2007இல் ‘கார் ஆஃப் டுமாரோ’ என்ற கார் வந்தது. உயரம் கூடியது, அகலம் கூடியது, ஓட்டுநரின் இருக்கை கதவை விட்டு நடுப்பக்கம் தள்ளிப்போனது. பின்னால் ஓர் இறக்கை. பார்க்க அவலட்சணம், திருப்பவும் கடினம். பிரிஸ்டலில் அதன் முதல் ஓட்டத்தை வென்ற கைல் புஷ்ஷே வெற்றி மேடையில் அந்தக் காரைத் திட்டினார். ரசிகர்களுக்கும் பிடிக்கவில்லை, 2010இல் இறக்கையைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் ஏர்ன்ஹார்டுக்குப் பிறகு அந்த முதல்தரப் போட்டியில் ஓடும்போது எந்த ஓட்டுநரும் இறக்கவில்லை. அந்த அவலட்சணமான காரை இதற்காகவே நான் மதிக்கிறேன்.

நெக்ஸ்ட் ஜென் காரிலும் ஒரு பெரிய குறை இருந்தது. பின்பகுதி அளவுக்கு மீறி இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. மோதும்போது இரும்பு நசுங்கினால் அதிர்ச்சியை இரும்பு வாங்கும், நசுங்காவிட்டால் மனிதன் வாங்குவான். 2022 ஜூலையில் பொக்கோனோவில் தகுதிச்சுற்றின்போது கேர்ட் புஷ் பின்பக்கமாகச் சுவரில் மோதினார். வெளியே பார்க்கப் பெரிய விபத்தாகவே தெரியவில்லை. மூளை அதிர்ச்சியோடு அவருடைய ஓட்டவாழ்க்கையே முடிந்தது. 2023க்குப் பின்பகுதியை நசுங்கும்படி மாற்றினார்கள். ஒரு வருடம் பிந்தி என்பேன்.

நான் கேட்கிற போராட்டம் வேறு. காற்று காரைத் தரையோடு அதிகம் அழுத்தும்போது வளைவிலும் அசுர வேகத்தில் போகிறார்கள், பிடி விட்டால் அந்த வேகத்தில்தான் சுவருக்குப் போவார்கள். அழுத்தம் குறைந்து கார் வழுக்கினால் வளைவில் வேகம் தானாகக் குறையும். ஓட்டுநருக்கு வேலை கூடும், அடி குறையும். இரண்டும் ஒரே திசையில் போகிற இடம் இது.

தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21 அன்று கார் பாய்ந்து 7 பேர் இறந்ததை மகனுக்குச் சொல்லுங்கள். அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். மோதலைப் பார்த்துத் துள்ளும் வயதுதான் அவனுக்கு, கோபிக்க வேண்டாம். அடுத்த ஓட்டத்தில் மோதல் நடந்ததும், ஓட்டுநர் சன்னல் வலையை இறக்குகிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலை இறங்கினால் அவர் நலம் என்று அடையாளம். அதைத் தேடப் பழகினால் அவன் பார்க்கிற விதம் மாறும்.

கேள்வி: நான் இதுவரை பார்த்ததே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?
வாசகர், மருதானை

2022 அக்டோபர் 30, மார்ட்டின்ஸ்வில், கடைசிச் சுற்று. ரொஸ் செஸ்டெயின், வத்தகப்பழத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இறுதிப் போட்டிக்குப் போக இன்னும் இரண்டு இடம் முன்னேற வேண்டும். கடைசி இரண்டு வளைவுகளில் அவர் பிரேக்கையே தொடவில்லை. ஐந்தாம் கியர் போட்டு, காரை வெளிச்சுவரில் சாய்த்து, ஸ்டியரிங்கைக் கைவிட்டு, காலை முழுதாக அழுத்தினார். சுவரே காரைத் திருப்பியது. ஐந்து பேரைக் கடந்தார். சிறுவயதில் வீடியோ விளையாட்டில் செய்து பார்த்த வித்தை என்று பிறகு சொன்னார். அடுத்த பருவத்துக்கு முன்பே அதைத் தடுத்துவிட்டார்கள், சரியான முடிவு. மேலே வெள்ளவத்தைத் தம்பி கேட்ட அதே கார், அதே ஓடுதளம்தான் இது. வழக்கமான வழியில் முந்த முடியாமல் போனபோதுதான் அவர் சுவரைத் தேடினார்.

அடுத்ததாக 2024 பிரிஸ்டல் ஓட்டத்தை முழுதாகப் பாருங்கள். நேரடியாகப் பார்க்க விரும்பினால், கோடையில் அங்கே ஞாயிறு பின்னேரம் 3 மணி எங்களுக்குத் திங்கள் அதிகாலை 12.30. கமெரா காருக்குள் போகும்போதெல்லாம் ஓட்டுநரின் கைகளைப் பாருங்கள்.